ஹென்றி பீல்டிங்: மது வெள்ளத்துக்கு அணை தேடிய நீதிபதி

பெரியோர் சரித்திரங்களைப் படிப்பதனால் விளையும் நன்மை ஒன்றன்று. அவர்தம் நற்குணங்களை அறிந்து போற்றுதல் ஒரு நன்மை. அவர் வாழ்ந்த காலத்தில் ஜனசமூகம் பட்ட துன்பங்களையும், அத்துன்பங்களுக்குக் கண்ட பரிகாரங்களையும் அறிந்து நமக்கு வேண்டியவற்றைக் கொள்ளுதல் அதனினும் பெரிய நன்மை. இத்திங்கள் நம் சங்கத்து அன்பர்களின் முன்னிலையில் யாம் எடுத்துரைக்கப் புகுவது, இங்கிலீஷ் நாவல் இலக்கியத்தின் தந்தையருள் ஒருவராக உலகம் கொண்டாடும் ஹென்றி பீல்டிங் என்பாருடைய சரித்திரமாகும்.

அவரை நாவலாசிரியராக அறிந்தோர் பலர். நீதிபதியாக அறிந்தோர் சிலர். மதுபான விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் பொருட்டு உழைத்தவராக அறிந்தோர் மிகச் சிலரே. நம் கூட்டங்களில் மதுவின் கேட்டைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இரு கட்சியார் தோன்றுவதைக் காண்கிறோம். சட்டத்தைக் கடுமையாக்கினால் குடி தானே ஒழியும் என்பார் ஒரு சாரார். சட்டத்தினால் ஆவது யாதொன்றுமில்லை, மனந்திருந்தினாலன்றிக் குடி ஒழியாது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களையும் இலண்டன் மாநகரம் தன் மக்களின் உயிரைப் பணயமாக வைத்துச் சோதித்துப் பார்த்துள்ளது. அச்சோதனையின் நடுவே நின்றவர் பீல்டிங் ஆதலின், அவர் சரித்திரம் நமக்கு மிகவும் ஏற்புடையது.

பிறப்பும் கல்வியும்

பீல்டிங் 1707-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 22-ஆம் நாள், இங்கிலாந்தின் ஸாமர்ஸெட் என்னும் பகுதியில், தம் தாய்வழிப் பாட்டனாரின் மாளிகையில் பிறந்தார். அப்பாட்டனார் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக வீற்றிருந்தவர். தந்தையாரோ படைத் தலைவர். கைப்பொருளைக் காத்துக்கொள்ளும் திறம் வாய்க்கப்பெறாதவர். 1718-இல் தாயார் இறந்தனர். தந்தையார் மறுமணம் செய்துகொள்ளவே, பிள்ளைகளை வளர்க்கும் உரிமை குறித்துப் பாட்டியாருக்கும் தந்தையாருக்கும் நியாயஸ்தலத்தில் வழக்கு நிகழ்ந்தது, பாட்டியார் வென்றனர். இவ்வாறு இளமையிலேயே குடும்பப் பிளவின் துயரத்தை அவர் கண்கூடாகக் கண்டார்.

ஈட்டன் கலாசாலையில் கிரேக்கமும் லத்தீனும் பயின்றார். 1728-இல் அவருடைய முதல் நாடகம் இலண்டனில் நடிக்கப்பெற்றது. அவ்வருஷமே ஹாலந்து தேசத்து லைடன் சர்வகலாசாலைக்குச் சென்று பயின்றார். பொருள் போதாமையால் படிப்பு முற்றுப்பெறாமலே ஊர் திரும்பினார். அதன்பின் எழுதுகோலே அவருக்கு ஜீவனமாயிற்று.

நாடக மேடையும் லைசென்ஸுச் சட்டமும்

பத்து ஆண்டுகளுக்குள் இருபதுக்கு மேற்பட்ட நாடகங்களை அவர் இயற்றினார். அவற்றுட் பல, அக்காலத்து முதல் மந்திரியான ஸர் ராபர்ட் வால்போலையும் அவருடைய ஆட்சியில் மலிந்திருந்த கைக்கூலியையும் எள்ளி நகையாடியவை. ஜனங்கள் திரள் திரளாக வந்து கண்டு நகைத்தனர். மந்திரி நகைக்கவில்லை. 1737-இல் நாடக மேடைகளுக்கு லைசென்ஸுச் சட்டம் ஒன்று பார்லிமெண்டில் நிறைவேறியது. அரச சாஸனம் பெற்ற இரண்டு நாடக சாலைகள் நீங்கலாக இலண்டனில் ஏனையவை மூடவேண்டுமென்றும், ஒவ்வொரு நாடகமும் அரண்மனை அதிகாரியின் அநுமதி பெற்றே மேடையேற வேண்டுமென்றும் அச்சட்டம் விதித்தது. அரண்மனை அதிகாரியின் அவ்வதிகாரம் 1968 வரையில் நீடித்தது.

ஒரு நாளிலே பீல்டிங்கின் ஜீவனம் பறிபோயிற்று. மனைவியும் குழந்தைகளும் உடைய முப்பது வயதினர், மனமுடைந்து மூலையில் இருந்தாரல்லர்; சட்டம் பயிலும் மாணாக்கராய்ச் சேர்ந்து, ஆறேழாண்டு பயில வேண்டியதை மூன்றாண்டுக்குள் முடித்து, 1740-இல் வழக்கறிஞரானார். 1742-இல் ஜோஸப் ஆண்ட்ரூஸ் என்னும் நாவலும், 1749-இல் டாம் ஜோன்ஸ் என்னும் பெருநாவலும் வெளிப்போந்தன. இவ்விரண்டற்கும் இடையே, 1744-இல், அவர் உயிரினும் மேலாகப் போற்றிய மனைவி ஷார்லட் இறந்துபட்டாள். பின்னர் அவளுடைய பணிப்பெண்ணையே, ஊரார் இகழ்ச்சியைப் பொருட்படுத்தாது, 1747-இல் மணந்துகொண்டார். தம்மால் கருவுற்றவளைக் கைவிடாது மனைவியாக ஏற்ற அச்செயல், பழித்த கனவான்களுள் பலர் செய்யத் துணியாதது.

1748-இல் நண்பர்களின் உதவியால் வெஸ்ட்மின்ஸ்டர் நகர்க்கும், அடுத்த ஆண்டில் மிடில்ஸெக்ஸ் ஜில்லாவுக்கும் நீதிபதியாக நியமனம் பெற்றார். போ தெருவிலிருந்த அவருடைய வீடே நியாயஸ்தலமும் ஆயிற்று. அங்கே அவர் கண்டது யாது?

இலண்டனை மூழ்குவித்த ஜின்

இவ்விடத்தில் சிறிது பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். தானியத்தைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்து, சூரைப் பழத்தை யொத்த ஜூனிப்பர் என்னும் காயின் மணமூட்டிய கடுஞ்சாராயமே ஜின் என்பது. 1690-இல் இங்கிலாந்துப் பார்லிமெண்டு, பிரெஞ்சு தேசத்துப் பிராந்தியை ஒழித்து உள்நாட்டுத் தானியத்துக்கு விலை காணும் பொருட்டு, சாராயம் வடிக்கும் தொழிலைப் பெரும்பாலும் யாவர்க்கும் திறந்துவிட்டது. நிலச்சுவான்தார்கள் மகிழ்ந்தனர், கஜானாவும் மகிழ்ந்தது. பீர் விற்கும் விடுதிகள் 1552 முதலே நீதிபதிகளின் லைசென்ஸு பெற்று நடந்து வந்தன. அதனினும் பன்மடங்கு கொடிய ஜின்னை விற்பார்க்கோ அத்தகைய கட்டுப்பாடு நெடுங்காலம் இல்லை. மளிகைக் கடையிலும், நெசவுச் சாலையிலும், தெருவோரத்துத் தள்ளுவண்டியிலும் ஜின் விற்கப்பட்டது. தாறுமாறாக வடித்த சரக்கில் டர்ப்பெண்டைன் முதலிய நச்சுப்பொருள்களைக் கலப்பாரும் உளராயினர். 1736-இல் நீதிபதிகள் எடுத்த கணக்கில், இலண்டனைச் சூழ்ந்த மிடில்ஸெக்ஸ் பகுதியில் மட்டும் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் ஜின் விற்பனை நடந்ததாகத் தெரிய வந்தது.

மருத்துவர்கள் முன்னரே எச்சரித்திருந்தனர். 1726-இல் இலண்டன் ராஜாங்க மருத்துவர் கழகம் பார்லிமெண்டுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பிற்று. சாராயம் மிக்கதனால் ஜனங்கள் நோயாளரும் வறியவரும் ஆகின்றனர் என்றும், குடிக்கும் தாய்மார் பெறும் குழந்தைகள் நலிந்து பிறக்கின்றன என்றும் அதில் எடுத்துரைத்தனர். கருவிலிருக்கும் சிசுவைத் தாயின் குடி கெடுக்கும் என்பதை இக்கால மருத்துவ சாஸ்திரம் ஐயமற நிறுவியுள்ளது. அம்மருத்துவர்களோ இருநூற்றைம்பது ஆண்டுகள் முந்தியே அதனைக் கண்ணாற் கண்டு கூறினர். 1734-இல் ஒரு தாய், ஏழைகள் விடுதியில் புத்தாடை பெற்றிருந்த தன் மகவை அழைத்துச் சென்று கொன்று, அவ்வாடையை விற்று ஜின் குடித்தாள் என்ற செய்தி தேசத்தையே நடுங்கச் செய்தது. அந்நாட்களில் இலண்டனில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் தொகையினும் புதைக்கப்பட்டோர் தொகை மிக்கிருந்தது. வைசூரியும் விஷஜுரமும் அசுத்தமும் அதற்குக் காரணமாயினும், ஜின்னும் அவற்றோடு கைகோத்து நின்றது.

தவறிய சட்டங்கள்

பார்லிமெண்டு உறங்கிக் கிடந்ததென்று எண்ணற்க. 1729-இல் ஒரு சட்டம் வந்தது. வாசனையூட்டிய சாராயத்துக்குக் காலன் ஒன்றுக்கு 5 ஷில்லிங் வரியும், விற்பவனுக்கு ஆண்டுக்கு 20 பவுன் லைசென்ஸுக் கட்டணமும் விதிக்கப்பட்டன. வியாபாரிகள் செய்ததென்ன? ஜூனிப்பர் காயை நீக்கி, வாசனையற்ற வெறுஞ்சாராயத்தை விற்றனர். அதற்குப் பார்லிமெண்டுப் பிராந்தி என்று கேலிப்பெயரும் சூட்டினர். 1733-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

அடுத்து 1736-இல் வந்ததோ மிகக் கடுமையான சட்டம். லைசென்ஸுக் கட்டணம் 50 பவுன். வரி காலனுக்கு 20 ஷில்லிங். சிறு கடைக்காரன் ஒருவன் ஓராண்டு முழுதும் உழைத்தாலும் 50 பவுன் காண்பதரிது. ஆகவே அச்சட்டம் பெயரளவில் லைசென்ஸுச் சட்டம். உண்மையிலோ மதுவிலக்குச் சட்டம். நாடு முழுவதிலும் அந்த 50 பவுன் கட்டி லைசென்ஸு பெற்றோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. விற்பனை நின்றதோ? இல்லை, மறைவில் நடந்தது. ஒருவர் தம் வீட்டுச் சுவரில் பூனையுருவம் ஒன்றைப் பதித்து, அதன் வாயில் காசு போட்டால் பாதத்தின் கீழுள்ள குழாய் வழியாக ஜின் வருமாறு அமைத்துப் பணம் திரட்டினார். விற்பவர் முகம் தெரியாததனால் சாட்சி சொல்வார் இல்லை. காட்டிக் கொடுப்பவர்க்கு அபராதத்தில் பங்குண்டென்று சட்டம் விதித்திருந்தபடியால், ஒற்றர் தொழில் மலிந்தது. பெரும்பாலும் அகப்பட்டவர்கள் தெருவில் கூடை சுமந்து விற்ற ஏழைப் பெண்களே. ஜனங்கள் சினங்கொண்டு ஒற்றர்களைத் தெருவில் அடித்தனர். அடிபட்டு மாண்டோரும் உண்டு. சில ஆண்டுகளுக்குள் அச்சட்டம் செத்த சட்டமாயிற்று. 1743-இல் ஜின் செலவு ஏறத்தாழ 80 இலட்சம் காலனை எட்டியது. இங்கிலாந்தின் ஜனத்தொகை அப்பொழுது 60 இலட்சத்தளவே.

அவ்வருஷம் பார்லிமெண்டு வேறு வழியை நாடியது. லைசென்ஸுக் கட்டணத்தை ஒரு பவுனாகக் குறைத்து, விடுதி நடத்துவோர்க்கே லைசென்ஸு என்று விதித்து, வடிக்குமிடத்தில் வரியைச் சற்றே உயர்த்தியது. ஆயிரக்கணக்கானோர் முன்வந்து லைசென்ஸு பெற்றனர். செலவும் சிறிது தணிந்தது. ஆனால் 1747-இல், வடிப்போரின் மன்றாட்டுக்கு இணங்கி, அவர்களே சில்லறையாகவும் விற்கலாமென்று அநுமதி தரப்பட்டது. அணையில் மீண்டும் உடைப்பு ஏற்பட்டது.

நீதிபதி கண்டதும் எழுதியதும்

இந்நிலையில்தான் பீல்டிங் நீதிபதி பதவியேற்றார். அவருக்கு முன் அப்பதவியிலிருந்தோர் வழக்குகளின் கட்டணத்தால் கொழுத்தவர்கள். பீல்டிங் ஏழைகளின் சச்சரவுகளை வழக்காக வளர விடாமல் சமாதானம் செய்து அனுப்பியும், கடைசிக் காசையும் பறிக்க மறுத்தும் வந்தமையால், ஆண்டுக்கு 500 பவுன் வந்த வருவாய் 300 பவுனளவாகச் சுருங்கியது. அதிலும் கணிசமான பங்கு குமாஸ்தாவுக்கே சென்றது.

நாள்தோறும் அவர் முன்னே திருடரும், வழிப்பறிக்காரரும், மனைவியை அடித்தவரும், குழந்தையைக் கைவிட்டவரும் நிறுத்தப்பட்டனர். இவர்களை வெறுங் குற்றவாளிகளாக மட்டும் அவர் நோக்கவில்லை. நோயின் மூலம் நாடும் வைத்தியர் போல் நோக்கினார். 1751 ஜனவரியில், கொள்ளைக்காரர் பெருகியதன் காரணங்களை ஆராயும் நூலொன்றை வெளியிட்டார். அதில் ஓர் அத்தியாயம் குடியைப் பற்றியது. இலண்டனில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர்க்கு ஜின்னே பிரதான ஆகாரமாயிருக்கிறதென்று அவர் மதிப்பிட்டார். குடி அறிவையும் அச்சத்தையும் நாணத்தையும் ஒருங்கே அழித்து மனிதனைக் குற்றத்துக்குத் துணியச் செய்கிறதென்றும், இவ்விஷம் இருபதாண்டு இவ்வாறே ஓடுமாயின் அதைக் குடிக்க எளியோர் மிஞ்சார் என்றும் எச்சரித்தார். கருவிலேயே கெட்டுப்போகும் குழந்தைகள் நாளை உழவராயும் மாலுமிகளாயும் ஆவது எங்ஙனம் என்பது அவர் கேட்ட கேள்வி.

அடுத்த மாதத்திலேயே அவருடைய நண்பரும் சித்திரக்காரருமாகிய வில்லியம் ஹோகார்த், ஜின் சந்து, பீர் தெரு என்னும் இரு சித்திரங்களை அச்சிட்டுக் குறைந்த விலையில் பரப்பினார். குடிமயக்கத்தில் தாயின் மடியிலிருந்து குழந்தை நழுவி விழும் அக்காட்சியைக் கண்டு கலங்காதார் இல்லை. ஊர்தோறும் விண்ணப்பங்கள் எழுந்தன. பார்லிமெண்டு அசைந்தது.

1751-ஆம் வருஷத்துச் சட்டம்

அவ்வாண்டு நிறைவேறிய சட்டம் பீல்டிங் ஒருவரால் ஆனதன்று. பலர் உழைப்பால் ஆனது. எனினும் அவர் நூல் அதற்கு உரமூட்டியது. அதன் அம்சங்களை நம்மவர் கூர்ந்து நோக்குதல் நலம். ஜின்னின் வரி உயர்த்தப்பட்டது. ஆயினும் வானளாவ உயர்த்தப்படவில்லை. ஆண்டுக்கு 10 பவுன் வாடகை பெறும் கட்டிடத்தில் நிலையாக விடுதி நடத்துவோர்க்கே 2 பவுன் கட்டணத்தில் லைசென்ஸு கொடுக்கப்பட்டது. ஆகவே விற்பவனுக்கு இழப்பதற்கு ஒரு கடையும் பெயரும் இருந்தன. வடிப்பவன் சில்லறையாக விற்கலாகாது. 20 ஷில்லிங்குக்குக் குறைந்த சாராயக் கடனை நியாயஸ்தலத்தின் மூலம் வசூலிக்க இயலாது. ஆதலால் கூலியாளைக் கடனில் மாட்டிக் குடிக்கச் செய்யும் சூழ்ச்சி தளர்ந்தது. சிறைச்சாலையிலும் ஏழைகள் விடுதியிலும் சாராயம் விற்பது தடுக்கப்பட்டது.

விளைவு யாது? 1751-இல் ஏறத்தாழ 70 இலட்சம் காலனாயிருந்த செலவு, மறு ஆண்டிலேயே 45 இலட்சம் அளவாக இறங்கியது. 1757-இல் விளைச்சல் பொய்த்தமையால் தானியத்திலிருந்து சாராயம் வடித்தலையே அரசாங்கம் 1760 வரையில் தடுத்துவைத்தது. தானிய விலையேற்றமும் ஏழைகளின் கைப்பணம் சுருங்கியதும் குடியைக் குறைக்கத் துணை நின்றன என்று சரித்திர ஆசிரியர்கள் கூறுவது உண்மையே. 1760-ஐ ஒட்டி ஆண்டுச் செலவு 20 இலட்சம் காலனளவில் நின்றது. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் இலண்டனில் பிறப்புக்கும் இறப்புக்கும் இருந்த இடைவெளி படிப்படியாகச் சுருங்கி வந்தது. எல்லாப் புகழையும் ஒரு சட்டத்துக்கே சூட்டுதல் முறையன்று. ஆயினும் நன்கமைந்த சட்டம் அத்திருப்பத்துக்குத் துணை செய்தது என்பதை மறுப்பார் இலர்.

குணமும் குறையும்

பீல்டிங்கிடம் குறையே இல்லையென்று யாம் கூறோம். அவர் மதுவை அறவே நீத்தவரல்லர். இளமையில் கேளிக்கையில் திளைத்தவர். முதுமை வருமுன்னரே வாதநோய் அவரைப் பற்றியது. மேலும், ஏழைகளின் குடியைக் கடிந்த அளவு செல்வரின் குடியைக் கடியச் சட்டத்தை அவர் ஏவவில்லை. செல்வர் தம் பொருளை வீணாக்கினால் பிறர் பிழைப்பர். ஏழை வீணாக்கினால் தேசமே கெடும் என்பது அவர் காலத்துக் கொள்கை. அதற்கு அவரும் உட்பட்டார். கண்ணாடிக் கிண்ணத்திற் குடித்தாலும் மட்பாண்டத்திற் குடித்தாலும் ஈரல் கெடுவது ஒன்றே என்பதை நாம் அறிவோம்.

இறுதி நாட்களிலும் அவர் உழைப்பு ஓயவில்லை. 1753-இல், நடக்கவும் இயலாத நிலையில், இலண்டனில் கொலையும் கொள்ளையும் செய்த கூட்டங்களை ஒடுக்குமாறு அரசாங்கம் பணித்தபோது, மருத்துவர் பரிந்துரைத்த நீர்ச்சிகிச்சைப் பயணத்தை ஒத்திவைத்து அவ்வேலையை முடித்தார். அவர் அமைத்த போ தெருக் காவலர் குழு பிற்காலப் போலீஸுப் படைக்கு முன்னோடியாயிற்று. அவருக்குப் பின் அப்பதவியை ஏற்று நடத்தியவர், கண்பார்வையற்ற அவர் தம்பி ஸர் ஜான் பீல்டிங். 1754 ஜூன் மாதத்தில், வயிற்றில் நீர் கோத்து வீங்கிய உடலோடு, நாற்காலியில் கட்டிக் கப்பலில் ஏற்றப்பட்டு, உடல்நலம் நாடி லிஸ்பன் நகரம் சென்றார். அக்டோபர் 8-ஆம் நாள் தம் 47-ஆம் வயதில் அங்கே உயிர் நீத்தார். அவர் உடல் அந்நகரத்து இங்கிலீஷ்காரர் இடுகாட்டில் அடங்கியுள்ளது.

நாம் கொள்ளத்தக்கது

இச்சரித்திரத்தால் நாம் அறிவன யாவை? சட்டத்தால் ஒன்றும் ஆகாது என்பது பொய். 1751 அதற்குச் சான்று. சட்டம் கடுமையாயிருந்தால் மட்டும் போதும் என்பதும் பொய். 1736 அதற்குச் சான்று. விற்பவன் யாவன், எங்கே விற்கிறான், என்ன விலைக்கு விற்கிறான், கடனுக்கு விற்கிறானா என்பவற்றை நோக்கி அமைக்கும் சட்டமே பயன் தரும். இக்காலத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுவதும் பெரும்பான்மை இதுவே: வரியால் விலையை உயர்த்துக, கிடைக்கும் இடத்தையும் நேரத்தையும் குறைக்குக, விளம்பரத்தைத் தடுக்குக என்பன அதன் முதன்மையான பரிந்துரைகள். கஜானாவின் பசி மருத்துவரின் சொல்லை அமிழ்த்திய நாடுகளில் துன்பம் பெருகியது என்பதும் இச்சரித்திரத்தின் பாடமே. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசாங்கமே ஏற்று நடத்திவரும் இந்நாளில், அப்பாடம் நமக்குத் தொலைவிலுள்ளதன்று.

ஆயினும் சட்டம் வாசல் வரையிலே வரும், வீட்டினுள் வாராது. பத்து வீட்டுக் கலியாணங்களில் ஐந்திலே விருந்துக்குப் பின் புட்டி திறக்கும் வழக்கம் புகுந்துவிட்டால், எந்த லைசென்ஸு அதிகாரி அதனைத் தடுப்பார்? கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் பெற்ற மொழியினர் நாம். நம் சங்கத்துப் பெரியோர் தத்தம் வீட்டு விசேஷங்களில் மது புகாதபடி காத்தல் வேண்டும். குடியில் வீழ்ந்த உறவினரை இகழ்ந்து ஒதுக்காமல், நோயாளியென்று கருதி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். கணவன் குடியால் கல்வி தடைப்பட்ட பிள்ளைகளுக்குச் சங்கத்தின் உபகாரச் சம்பளத்தில் முதலிடம் தருதல் வேண்டும். அவ்வீட்டுத் தாய்மார் வாய்திறந்து கேட்கும்வரையில் காத்திராமல் நாமே சென்று விசாரித்தல் இன்னும் நலம்.

தம் ஜீவனத்தையே ஒரு சட்டத்துக்குப் பறிகொடுத்தவர், சட்டத்தை வெறுத்து ஒதுங்காமல், அதனைக் கற்று, அதனைக் கொண்டே ஏழைகளின் உயிரைக் காக்க முயன்றார். அவர் முயற்சியில் ஒரு சிறு பங்கேனும் நம் மரபினர் மேற்கொள்வாராக.